போர்ல பொம்பளைங்க பிளேன் ஓட்டி சண்டை போட்டிருக்காங்களா?

காவேரிப்பட்டணம் அப்பா:
வணக்கம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, பேச்சுப்போட்டிக்கு போர்ல பிளேன் ஓட்டின பெண்கள்னு தலைப்பு எடுத்துட்டுப் போனா, அதுக்கு ஒரு சார் "அவங்கல்லாம் சாமான் ஏத்திட்டுப் போனவங்கம்மா, சண்டை போட்டது ஆம்பளைங்க, வேற தலைப்பு எடு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. வந்ததுல இருந்து சாப்பிடல. நான் மாங்கூழ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு அக்கா:
அண்ணா, மொதல்ல பாப்பாவ சாப்பிட வைங்க, தலைப்ப மாத்தவே வேணாம். 1941-ல ஜெர்மன்காரன் சோவியத்துக்குள்ள புகுந்தப்போ மரீனா ரஸ்கோவான்னு ஒரு விமானி பொம்பளைங்களுக்காக மூணு ரெஜிமென்ட், அதாவது படைப்பிரிவு, உருவாக்குனாங்க. அதுல 588-வது ரெஜிமென்ட் ராத்திரி குண்டு போடுற படை, பைலட்ல இருந்து மெக்கானிக், குண்டு மாட்டுறவங்க வரைக்கும் எல்லாமே பொம்பளைங்க. குடுத்த போ-2 பிளேன் பிளைவுட்டும் துணியும் வச்சு செஞ்சது, வயலுக்கு மருந்தடிக்கிறதுக்கும் ஓட்டிப் பழகுறதுக்கும் வச்சிருந்தது, உக்கார்ற இடத்துக்கு மேல மூடி கூட கிடையாது. மார்கழி விடிகாலைல பைக்ல தொப்பூர் கணவாய் எறங்குனா காத்து மூஞ்சில அறையும்ல, அத ரஷ்யக் குளிர்ல ஆகாசத்துல வச்சு நெனச்சுப் பாருங்க. ரொம்ப நாள் பாராசூட் கூட இல்லாம பறந்திருக்காங்க. கொஞ்சம் குண்டுதான் தூக்கும், அதனால போட்டுட்டு வந்து திரும்ப ஏத்திட்டு திரும்பப் போயின்னு விடிய விடிய இதே வேலை, நதேஷ்தா போப்போவா ஒரே ராத்திரில 18 தடவை போயிருக்காங்க. ரெஜிமென்ட் மொத்தமா 23,000 தடவைக்கு மேல. அந்த சார்கிட்ட இத சொல்லச் சொல்லுங்க.

ஓசூர் தம்பி:
இலக்கு கிட்ட வந்ததும் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சறுக்கி வருவாங்க, கீழ இருக்குறவனுக்கு காத்து உரசுற சத்தம் மட்டும்தான் கேக்கும், தொடப்பத்துல சூனியக்காரி போற மாதிரி இருக்குன்னு ஜெர்மன்காரன் வச்ச பேருதான் 'நைட் விட்சஸ்'.

பாலக்கோடு அக்கா:
தம்பி முழுசா ஆஃப் இல்லப்பா, ஐடில்ல, அதாவது இன்ஜினை ரொம்ப மெதுவா ஓட விட்டுருவாங்க. பாப்பா மேடைல பேசப் போறா, சரியா எழுதிக்கட்டும்.

ஊத்தங்கரை எக்ஸ் சர்வீஸ்:
நான் ஏர்ஃபோர்ஸ்ல டெக்னீசியனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். சாமான் ஏத்துறது லேசுன்னு அந்த சார் நெனச்சதுதான் எனக்கு மனசு கேக்கல. 1999 கார்கில்ல குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ரெண்டு பேரும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டுனாங்க, அடிபட்ட ஜவானைத் தூக்கிட்டு வர்றது, மேல இருக்குறவங்களுக்கு சப்ளை போடுறது. மலை உச்சில காத்து லேசா இருக்கும், ஹெலிகாப்டர் எடை தூக்கவே திணறும், அதுல எதிரி வேற சுடுறான். அமெரிக்காவுல ரெண்டாம் உலகப் போர்ல வாஸ்ப்னு பொம்பளை பைலட்டுங்க 1,074 பேரு, ஃபேக்டரில இருந்து புது பிளேனை எடுத்துட்டுப் போறது, பீரங்கிக்காரங்க சுட்டுப் பழக பின்னாடி துணி இழுத்துட்டுப் பறக்குறதுன்னு வேலை பாத்தாங்க. 38 பேரு செத்தாங்க. அவங்கள ராணுவம்னே கணக்குல எடுக்கல, பொணத்த ஊருக்கு அனுப்ப கூட இருந்த பொண்ணுங்க காசு வசூல் பண்ணிக் குடுத்திருக்காங்க. 1977-லதான் வெட்டரன், அதாவது முன்னாள் ராணுவத்தினர்னு ஒத்துக்கிட்டாங்க. தலைப்புல இதையும் சேத்துக்கச் சொல்லுங்க தம்பி.
நம்ம ஏர்ஃபோர்ஸ்ல 2016-ல அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூணு பேரும் ஃபைட்டர் பிரிவுக்கு வந்துட்டாங்க. பாப்பாவுக்கு ஆசை இருந்தா பிளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ் எடுக்கச் சொல்லுங்க, 2022-ல இருந்து முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்குற என்டிஏ அகாடமிலயும் பொண்ணுங்கள சேக்குறாங்க.

காவேரிப்பட்டணம் அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஷிஃப்ட் போறதுக்கு முன்னாடி போனைக் குடுத்துட்டேன், களி சாப்டுக்கிட்டே நோட்டுல எழுதிட்டு இருக்கா. நைட் பன்னெண்டு மணிக்கு போன் பண்ணி கேக்குறா, அப்பா அந்த இருட்டுல மேப்பை எப்படிப் பாத்தாங்கன்னு.

பாலக்கோடு அக்கா:
பின்சீட்டுல ஒருத்தங்க அதுக்குன்னே இருப்பாங்க அண்ணா. மடில மேப்பு, காம்பஸ், ஸ்டாப்வாட்ச், ஒரு சின்ன டார்ச்சு.