வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 46. ஏழெட்டு மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. குளிரும் களைப்பும்தான் என்று நினைத்து, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயோடு விட்டுவிட்டேன். போன வாரம் இரத்தம் பார்த்தால் வெறும் வயிற்றில் சீனி 190! ஆணுறுப்பின் இரத்தக் குழாய் இதயக் குழாயை விடச் சிறியது, அதனால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே இது வரலாம் என்று டொக்டர் சொன்னதும் ஆடிப்போய்விட்டேன். கூட்டாளி ஒருவன் வயாகரா நீட்டினான், வாங்கவில்லை (நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவன் அதை விழுங்கினால் பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும், கூட்டாளிக்கு அது தெரியவே தெரியாது). சீனியைக் குறைத்து, சிகரெட்டை விட்டு யாருக்காவது சரியானதா? கண்டி, நுவரெலியா பக்கம் தமிழில் பேசக்கூடிய டொக்டர் யார்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இன்பொக்ஸில் எழுதினாலும் சரி.