தைலமரத் தோப்பில் ஏன் ஒரு கூடுகூட இல்லை?

புதாற்றுக்கரை:
ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. 2018 கஜா புயலில் தென்னை முழுக்கச் சாய்ந்த பிறகு, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், காவல் வேண்டாம் என்று சித்தப்பா தைலமரம் வைத்துவிட்டார். எங்கள் பக்கம் ஆர்.எஸ்.பதி என்போம். போன வாரம் விடியக்காலையில் உள்ளே நடந்தேன், காய்ந்த இலை காலடியில் நொறுங்கும் சத்தம் தவிர ஒன்றுமே கேட்கவில்லை, ஒரு கரிச்சான்கூட இல்லை. இதே மரம் ஆஸ்திரேலியாவில் கோலாவுக்கும் கிளிகளுக்கும் வீடு என்கிறார்களே, அது எப்படி?

பிரிஸ்பேன்வாசி:
தம்பி, நான் திருவாரூர்க்காரன், இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் அதிகம் நட்டிருப்பது யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ் என்ற தைலமர வகை, அல்லது அதன் கலப்பு. இங்கே கோலா விரும்பித் தின்னும் மரங்களில் அதுவும் ஒன்று, அதனால் மரத்தைக் குறை சொல்ல முடியாது. வயசுதான் விஷயம். இங்குள்ள காட்டில் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், வெயில் தரைவரை இறங்கும், கீழே புல், புதர், விழுந்து கிடக்கும் கட்டைக்கு அடியில் அரணை. எல்லாவற்றுக்கும் மேலே பொந்து. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது, கிளை முறிந்து, பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, தீயில் வெந்துதான் பொந்து விழ வேண்டும், அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அந்தப் பொந்துகளில் தங்கும் முதுகெலும்புள்ள உயிரினங்கள் மட்டும் சுமார் 300 வகை. கிரேட்டர் கிளைடர் என்று ஒரு விலங்கு, மரம் விட்டு மரம் காற்றில் மிதந்து போகும், தின்பது பெரும்பாலும் இந்த இலையைத்தான், பகல் முழுக்கப் பொந்தில் படுத்துக்கிடக்கும். 2019-20 பெருந்தீக்குப் பிறகு கருகிய தண்டுகளில் பச்சை துளிர்த்தது உண்மைதான், ஆனால் சாய்ந்துபோன கிழமரத்தின் பொந்து திரும்ப வருமா? உங்கள் தோப்பை ஐந்தாறு வருஷத்தில் வெட்டுவீர்கள், அடிக்கட்டையை மறுதாம்பாகத் துளிர்க்க விட்டு மறுபடியும் வெட்டுவீர்கள். அதற்குள் எந்தப் பறவை குடிவரும்?

பனங்காடை:
அண்ணன் சொன்னதோடு பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த இலையைத் தின்று பழகிய பூச்சிகள் ஏராளம். நம் ஊர்ப் புழுக்களில் பெரும்பாலானவைக்கு அந்த எண்ணெய் ஏறிய இலை ஒத்துவராது, புழு இல்லாவிட்டால் குஞ்சுக்கு எதை ஊட்டுவது?

சரி, உங்கள் வரப்பில் கொண்டை முறிந்த பனை ஏதாவது நிற்கிறதா? எங்கள் ஊரில் ஒன்று நிற்கிறது. மேலே பச்சைக்கிளி, கொஞ்சம் கீழே மைனா, அதற்கும் கீழே ஒரு புள்ளி ஆந்தை, சாயங்காலமானால் தலையை மட்டும் வெளியே நீட்டி நம்மையே உற்றுப் பார்க்கும். நம் டெல்டாவில் அந்த நூறு வருஷப் பொந்து வேலையைச் செய்வது மொட்டைப் பனைதான். தயவுசெய்து அதைச் சூளைக்கு விற்றுவிடாதீர்கள்.

புதாற்றுக்கரை:
கிழக்கு வரப்பில் இரண்டு நிற்கின்றன அண்ணா. சித்தப்பா விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். இன்று ராத்திரியே பேசுகிறேன். அப்புறம், ஓரத்தில் வேறு மரம் வைப்பதென்றால் எதை வைக்கலாம்?

பனங்காடை:
பூவரசு, புங்கன். பூவரசுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டாலே போதும். வாய்க்கால் பக்கம் நீர்மருது. இலுப்பை மெதுவாகத்தான் வரும், இருந்தாலும் இரண்டு வையுங்கள். முதலில் அந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், தம்பி.