அந்தச் சிலைக் கடை தோராவில் எங்கே?

வணக்கம். எங்கள் யூத ஜெப ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தோரா (ஆதியாகமம் முதலான ஐந்து புனித நூல்கள்) கதைகள் சொல்லித் தருகிறேன். ஒரு சிக்கல், உங்கள் அனுபவம் தேவை.

போன வாரம் ஆபிரகாமின் சிறுவயதுக் கதை சொன்னேன். அப்பா தேராகு சிலை விற்கிறார். ஒரு பெண் மாவு கொண்டுவந்து படைக்கச் சொல்கிறாள். ஆபிரகாம் தடியால் சிலைகளை உடைத்துவிட்டு, தடியைப் பெரிய சிலையின் கையில் வைத்து, "இதுதான் உடைத்தது" என்கிறான். வகுப்பே சிரித்தது.

அப்புறம் ஒரு சிறுமி ஆதியாகமத்தைத் திறந்து, 11-ஆம் அதிகாரத்தில் விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். 12-ஐயும் புரட்டினாள். "டீச்சர், கடை எங்கே?" என்றாள். முகம் வாடிவிட்டது.

அது தோராவில் இல்லை. மித்ராஷில், அதாவது ரபிகள் (யூத மத குருமார்கள்) தோராவுக்குச் சொன்ன விளக்கக் கதைகளில் வருவது; ஆதியாகமத்துக்கான பெரேஷித் ரப்பா என்ற தொகுப்பில், 38-ஆம் பகுதியில் இருக்கிறது. நானும் சின்ன வயதில் அதைத் தோரா என்றே நம்பினேன், பெரியவளானபின் ஏமாந்த மாதிரி இருந்தது. என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

"இது வெறும் கதை" என்று சொல்லவும் மனசு வரவில்லை. தோரா சொல்லாமல் விட்ட இடத்தில் ரபிகள் கேட்ட கேள்விதானே மித்ராஷ்? கடவுள் ஏன் ஆபிரகாமைத் தேர்ந்தெடுத்தார் என்று 12-ஆம் அதிகாரம் சொல்வதே இல்லையே!

இந்த வேறுபாட்டை நீங்கள் எந்த வயதில், என்ன வார்த்தைகளில் சொல்கிறீர்கள்? இரண்டுக்கும் தனித்தனி நிற அட்டை வைக்கலாமா? ஞாயிறுக்குள் சொன்னால் நல்லது. அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.