டீசல் கார் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் ஏழு இருக்கை டீசல் கார். 1248 சி.சி., 90 பி.எஸ்., 1750 ஆர்.பி.எம்.மில் 200 நியூட்டன் மீட்டர் டார்க். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பாவைச் சிகிச்சைக்காக ஜிப்மருக்கு அழைத்துப் போகும் வண்டி இதுதான். இப்போது மூன்றாவது கியரில் அழுத்தினாலும் பஸ்ஸைத் தாண்ட முடியவில்லை. 2000 ஆர்.பி.எம்.மைத் தொட்டதும் ‘உஸ்’ என்று சீறுகிறது, பின்னால் கரும்புகை. ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு காட்டுகிறது. ஆயில் குறையவில்லை. மெக்கானிக், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொல்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் வேறு எதையாவது பார்க்கலாமா?

பதில் (வில்லியனூர், டீசல் மெக்கானிக்):
டர்போவில் இப்போது கை வைக்காதீர்கள் சார். வரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று மட்டும்தான் பி0299 சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் புகை நீலமாக வரும், ஆயிலும் குறையும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் காற்றை அளக்கிறது; அந்தக் கணக்குக்கு டீசல் பாய்கிறது. அளந்த காற்று வழியிலேயே கசிந்துவிட்டால் டீசல் முழுதாக எரியாமல் கரியாகிவிடும். என்ஜின் ஆறியதும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைப் பிசைந்து பாருங்கள், குறிப்பாக அடிப்பக்கத்தையும் மடிப்புகளையும். புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு வழிந்திருக்கும் இடம்தான் கசிவு. கடற்கரை ஊர் என்பதால் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் (நெல்லிக்குப்பம்):
இதே என்ஜினின் 75 பி.எஸ். வகை வைத்திருப்பவர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றாதீர்கள். உங்களுடையது உள்ளே இதழ்கள் திரும்பும் வி.ஜி.டி. டர்போ. கரி படிந்து இதழ்கள் சிக்கினாலும், அவற்றை இயக்கும் வேக்குவம் (வெற்றிட) குழாய் விரிசல் விட்டாலும் அழுத்தம் வராது. புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி நின்றாலும் கரும்புகை வரும். ஆனால் சீறல் கேட்கிறது என்கிறீர்களே, அதனால் ஹோஸைத்தான் நானும் முதலில் சந்தேகிப்பேன்.

கேட்டவர்:
இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்கு வரும் ஹோஸின் அடியில் விரல் நீளத்துக்குப் பிளவு! பார்வைக்குத் தெரியவே இல்லை, பிசைந்தபோதுதான் வாய் திறந்தது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை அப்பாவை அழைத்துப் போக வேண்டும். டேப் சுற்றிச் சமாளிக்கலாமா?

பதில் (வில்லியனூர்):
வேண்டாம் சார், அந்த அழுத்தத்துக்கு டேப் நிற்காது. புது ஹோஸ், புது கிளாம்ப் இரண்டையும் போடுங்கள். அதுவரை வண்டியை விரட்ட வேண்டாம்; கசிவை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழலும், நல்ல டர்போவும் அதனால் கெட்டுவிடும். மாற்றியபின் ஸ்கேனரில் பிழையை அழித்துவிட்டு, ஆல்பேட்டை தாண்டி நல்ல சாலையில் ஓட்டிவந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பி0299 திரும்ப வந்தால், நெல்லிக்குப்பத்துக்காரர் சொன்ன வேக்குவம் குழாயை அடுத்துப் பாருங்கள்.