அமெரிக்க ஆர்டர் போயிடுச்சு: ஆளைக் குறைக்கிறதா, நாளைக் குறைக்கிறதா?

நொய்யல்காரன்:
வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் யூனிட் நடத்துறேன். அப்பா நாலு மெஷின் போட்டு ஆரம்பிச்சது. இன்னைக்கு டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவுறவங்க) எல்லாம் சேர்த்து 210 பேர். என் ஆர்டர்ல 40 சதவீதம் அமெரிக்காவுக்குப் போறது. 2025 ஆகஸ்ட் 7ல 25 சதவீதம், 27ல இன்னொரு 25 சதவீதம்னு அங்க நம்ம சரக்குக்கு வரி ஏறினதும், பாதி வரியை நீயே ஏத்துக்கோன்னு பையர் (சரக்கு வாங்குறவர்) சொன்னார். ரெண்டு ஷிப்மெண்ட்டை நஷ்டத்துலயே அனுப்பினேன். அடுத்த சீசன் ஆர்டரை அவர் வங்கதேசத்துக்குக் கொடுத்துட்டார். அப்ப அந்த நாட்டுச் சரக்குக்கு வரி 20 சதவீதம்தான். 30 பாயிண்ட் வித்தியாசத்தை எந்த டெய்லரோட வேகத்தை வெச்சு நான் சமாளிக்கிறது?

இப்ப ஐரோப்பா ஆர்டரும் கொஞ்சம் உள்ளூர் வேலையும்தான் கையில இருக்கு. அது வாரத்துக்கு நாலு நாளைக்குத்தான் காணும். சராசரியா ஒரு ஷிப்டுக்கு 600 ரூபாய் கூலி. கையிருப்பு 38 லட்சம். 80 பேரை நிறுத்துங்கன்னு ஆடிட்டர் சொல்றார். எல்லாரையும் வெச்சுக்கிட்டு நாலு நாள் ஓட்டலாம்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமில்லைங்க. இந்த மாதிரி நேரத்தைக் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

கணக்கர்_ஈரோடு:
உங்கள் ஆடிட்டர் சொல்வதுதான் சரி. வேதனையான வேலைதான், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டியது. 80 பேர், 6 நாள், 600 ரூபாய் என்றால் வாரம் 2 லட்சத்து 88 ஆயிரம் மிச்சம். இந்த வரி எப்போது குறையும் என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. வராத ஆர்டருக்காக ஆளை வைத்திருப்பதற்கு நம்பிக்கை என்று பெயர் கொடுக்கலாம், ஆனால் வங்கி அதை ஏற்காது. 130 பேரின் வேலையைக் காப்பாற்ற 80 பேரை விட வேண்டியிருக்கிறது. அதைத் தள்ளிப் போட்டால் 210 பேரும் தெருவுக்கு வருவார்கள்.

ஓஎம்ஆர்_பாலா:
சென்னையில் 14 வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். எங்கள் துறையில் ஆட்குறைப்பு என்றால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடுகிறது, அதைப் பார்த்துப் பார்த்து மனசு கசந்துபோனவன். கணக்கர் ஐயா ஒரு பக்கக் கணக்கை மட்டும் போட்டிருக்கிறார். சட்டப்படி நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். சராசரி 6 வருட சர்வீஸ் என்று வைத்தால் ஆளுக்கு 116 நாள் கூலி, கிட்டத்தட்ட 70 ஆயிரம். 80 பேருக்கு 56 லட்சம். அவர்களை வேலையே வாங்காமல் முழுச் சம்பளத்தோடு 19 வாரம் உட்கார வைத்தாலும் இதே செலவுதான். கையிருப்போ 38 லட்சம். அப்படியென்றால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? இழப்பீடு கொடுக்காமல் ஏமாற்றினால் மட்டும்தான் வரும்.

இன்னொன்று. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுக் கடைச் சங்கிலி, 2007 மார்ச்சில் கூலி அதிகம் வாங்குகிற விற்பனையாளர்கள் 3,400 பேரை ஒரே நாளில் நிறுத்தியது. பொருளைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்தவர்களே அவர்கள்தான். 2008 நவம்பரில் திவால் மனு, அடுத்த வருடத் தொடக்கத்தில் கடைகள் எல்லாம் மூடல். காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிவில் எதை வெட்டக் கூடாதோ அதையே முதலில் வெட்டினார்கள். அதே 2008ல் டெக்சாஸிலும் இண்டியானாவிலும் டொயோட்டா தன் டிரக் உற்பத்தியை மூன்று மாதம் நிறுத்தியது. சுமார் 4,500 தொழிலாளர்களுக்கும் சம்பளம் கொடுத்துப் பயிற்சியில் உட்கார வைத்தது.

கணக்கர்_ஈரோடு:
பாலா, இரண்டு திருத்தம். ஒன்று, கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். ஆகவே 6 வருடம் என்று சராசரி எடுப்பது தவறு, போகிறவர்களுக்கு 2 வருடம் என்றே வையுங்கள். ஆளுக்கு 56 நாள் கூலி, மொத்தம் 27 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது, பத்து வாரத்தில் அது திரும்பிவிடும். பத்தாவது வாரத்திலிருந்து வருவது நிஜமான மிச்சம். இரண்டு, டொயோட்டாவிடம் இருந்த ரொக்கக் குவியல் நொய்யல்காரரிடம் இல்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம். நம் ஊர் யூனிட் படுத்தால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும்.

இழப்பீட்டை ஏமாற்றச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. அதைக் கொடுக்கப் பணம் இருக்கும்போதே முடிவெடுங்கள் என்கிறேன்.

ஹாம்பர்க்_குமரன்:
ஜெர்மனியில் இதற்குக் 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஆளை நிறுத்தாமல் நேரத்தைக் குறைப்பது. 2009 மே மாதத்தில் இங்கே ஏறத்தாழ 14 லட்சம் பேர் அதில் இருந்தார்கள், கொரோனா வந்த 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம். நெருக்கடி முடிந்ததும் கம்பெனிகள் அதே கைகளோடு உற்பத்தியைத் தொடங்கின. வாரம் நாலு நாள் என்ற உங்கள் மனைவியின் யோசனை அதேதான். தயங்காமல் செய்யுங்கள்.

ஓவர்லாக்_செல்வி:
குமரன் தம்பி, அந்த ஊர்ல குறைஞ்ச கூலியை யாரு கொடுக்கிறாங்கன்னு சொல்லாம விட்டுட்டீங்களே.

நான் 17 வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினவ. இப்ப லைன் சூப்பர்வைசர். ரெண்டு பக்கமும் முதலாளி கணக்கையே பேசுறீங்க, டெய்லர் கணக்கை நான் சொல்றேன். திருப்பூர்ல யாரும் ஒரு ஷிப்டுக் கூலியில குடும்பம் நடத்தலைங்க. காலையில எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாத்தான் வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் வரும். சனிக்கிழமை கையில 5,400. அதை வெச்சுத்தான் லைன் வீட்டு வாடகை, குழுக் கடன், பள்ளிக்கூட வேன் எல்லாம். ஆர்டர் குறைஞ்சதும் முதல்ல போனது அந்த அரை ஷிப்டுதான், 3,600 ஆயிடுச்சு. இப்ப நாலு நாள்னா 2,400. பாதிக்கும் கீழ. இதுக்குப் பேரு "எல்லாரையும் காப்பாத்துறது"ன்னா, எந்த டெய்லருக்கும் அது காப்பாத்தினதா தெரியாது.

யாரு முதல்ல போவாங்க தெரியுமா? நல்லா பேட்லாக் மெஷின் ஓட்டுற டெய்லர். அவனுக்கு எங்க போனாலும் டேபிள், அதாவது வேலை, கிடைக்கும். வேற போக்கில்லாதவங்க மட்டும் உங்ககிட்ட இருப்பாங்க. ஆர்டர் திரும்பி வரும்போது லைன் இருக்கும், லைனை இழுத்துக்கிட்டுப் போற ஆள் இருக்க மாட்டான்.

ஹாம்பர்க்_குமரன்:
நியாயமான கேள்வி அக்கா. இழந்த நிகர சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் கொடுக்கிறது, பிள்ளை இருந்தால் 67. அதைச் சொல்லாமல் "அதேதான்" என்று எழுதியது என் தவறு.

பெருந்துறை_ரோடு:
தம்பி நொய்யல்காரன், நான் உங்க அப்பா தலைமுறை. 2011 ஜனவரி 28 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நொய்யல் மாசுக்காக உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொன்ன நாள். எழுநூறுக்கும் மேல பட்டறை நின்னுச்சு. அந்தத் தீர்ப்பு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆத்துல ஓடினது தண்ணியே இல்ல. துணிக்குச் சாயம் போட வெளியூருக்கு லாரி ஏத்தினோம். செலவும் ஏறுச்சு, டெலிவரியும் தவறுச்சு.

அப்ப என்கிட்ட 120 பேர். ஒருத்தரையும் விட மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். கை தட்டினாங்க. வீட்டை அடமானம் வெச்சேன், சம்சாரத்தோட நகை போச்சு. அடுத்த வருஷம் கடைசிக் காசு வரைக்கும் ஓட்டினேன். காசு தீர்ந்த அன்னைக்கு மூணு வாரக் கூலி பாக்கி, ஆறு மாச பி.எஃப். கட்டலை, போனஸ் இல்லை. 12 வருஷம் என்கூட இருந்த செக்கிங் அம்மா ஒருத்தங்க வெறுங்கையோட போனாங்க. ஆறு மாசம் முன்னாடியே மூடியிருந்தா எல்லாருக்கும் செட்டில்மெண்ட் கொடுத்து அனுப்பியிருப்பேன். என் நல்ல மனசு அவங்களுக்குச் செஞ்சது இதுதான். அந்த அம்மா முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகலை.

அதனால கணக்கர் பக்கம்தான் நான். இரக்கத்துல எடுக்கிற முடிவுக்கும் கடைசியில யாரோ ஒருத்தர் கூலி கட்டணும்.

ஓஎம்ஆர்_பாலா:
அண்ணாச்சி, படித்து முடித்ததும் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் உங்கள் அனுபவம் சொல்வது ஆளை நிறுத்து என்பதல்ல என்று நினைக்கிறேன். செட்டில்மெண்ட் பணத்தை நீங்கள் செலவு செய்துவிட்டீர்கள், அதுதான் அங்கே நடந்தது. அந்தப் பணத்தை முதல் நாளே தனி டெபாசிட்டில் போட்டு, வாடகைக்கும் நூலுக்கும் தொடுவதில்லை என்று வைத்திருந்தால், எல்லாரையும் வைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம், முடியாதபோது கௌரவமாக அனுப்பியும் இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 210 பேருக்கும் வாரத்தில் இரண்டு நாள் குறைத்தால் மிச்சம் 2 லட்சத்து 52 ஆயிரம். 80 பேரை நிறுத்தினால் 2 லட்சத்து 88 ஆயிரம். வித்தியாசம் 36 ஆயிரம்தான். நொய்யல்காரரே, உங்கள் வீட்டார் எல்லாரும் சேர்ந்து கம்பெனியில் மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள்?

நொய்யல்காரன்:
கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். நானும் தம்பியும் சேர்ந்து மாசம் ஒன்றரை லட்சம். கார் தவணை தனி.

கணக்கர்_ஈரோடு:
வாரத்துக்குக் கிட்டத்தட்ட 35 ஆயிரம். சரி, அதை நிறுத்தினால் இரண்டு வழிக்கும் செலவு ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்வி அம்மா கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது. 2,400 ரூபாயில் யார் இருப்பார்கள்? செலவு சமமாக இருந்தும் நல்ல டெய்லர்கள் போய்விட்டால் உங்கள் வழிதான் அதிக நஷ்டம்.

ஓவர்லாக்_செல்வி:
எல்லாருக்கும் ஒரே கத்தரியைப் போட்டா போயிடுவாங்க. அதனாலதான் ஆளுங்களையே கேளுங்கன்னு சொல்றேன். எங்க லைன்ல ஒடிசாப் பசங்க 30 பேர் இருக்காங்க. நாலு நாள் வேலைக்கு இங்க ரூம் வாடகை கொடுத்து இருக்கிறதைவிட ரெண்டு மாசம் ஊருக்குப் போய் வர்றோம்னு அவங்களே சொல்றாங்க. அவங்க பயமெல்லாம் திரும்பி வந்தா டேபிள் இருக்குமாங்கிறதுதான். போக வர டிக்கெட்டும், இந்தத் தேதிக்கு வந்தா அதே டேபிள்னு கம்பெனி முத்திரையோட ஒரு தாளும் கொடுத்தா பாதிப் பேர் கிளம்புவாங்க. 2020ல ஊரடங்கு முடிஞ்சு ஆள் இல்லாம இதே ஊர் முதலாளிங்க அவங்க ஊருக்கே பஸ் அனுப்பிக் கூட்டிட்டு வந்ததை மறந்துட்டோமா? அவங்க போனா மிச்சம் இருக்கிறவங்களுக்கு வேலை கூடும். கைக்குழந்தைக்காரிங்க சில பேரு நாலு நாளே போதும்னு சொல்வாங்க. கேட்டாத்தானே தெரியும்?

அப்புறம் ஒண்ணு. இ.எஸ்.ஐ.யில வேலை போனவங்களுக்கு அடல் பீமித் திட்டம்னு இருக்கு. சில நிபந்தனையோட 90 நாள் வரைக்கும் சராசரிக் கூலியில பாதி கிடைக்கும். கடைசியில யாரையாவது நிறுத்தியே ஆகணும்னா, அதுக்கான படிவத்தை நிரப்பிக் கையில கொடுத்து அனுப்புங்க. அதுக்கு முதல்ல அவங்க பேர்ல இ.எஸ்.ஐ. ஒழுங்கா கட்டியிருக்கணும். கான்ட்ராக்டர் கீழ இருக்கிறவங்களுக்குக் கட்டியிருக்கா?

நொய்யல்காரன்:
அக்கா, அயர்னிங்கும் பேக்கிங்கும் கான்ட்ராக்ட். 25 பேர். கட்டியிருக்கேன்னு கான்ட்ராக்டர் சொல்றார், சலானை நான் கேட்டுப் பார்த்ததில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

பெருந்துறை_ரோடு:
இதுல எனக்கு ஒரு பயம் தம்பி. ஆளுகிட்ட எல்லாத்தையும் சொன்னா செய்தி நூல் கடைக்குப் போகும், நூல்காரன் கடன் நிறுத்துவான். ரொக்கம் வெச்சாத்தான் நூல்னு சொல்லிட்டா இருக்கிற ஐரோப்பா ஆர்டரும் நின்னுடும்.

ஓவர்லாக்_செல்வி:
அண்ணா, செய்தி ஏற்கெனவே டீக்கடையில ஓடுதுங்க. 80 பேருன்னு இங்க சொல்றாரு, எங்க ஏரியாவுல வேற ஒரு கம்பெனியைப் பத்தி 150ன்னு பேசுறாங்க. முதலாளி வாயைத் திறக்கலைன்னா பயந்தவன் பயத்துக்கு ஏத்த நம்பரைச் சொல்வான். உள்ளதைச் சொல்லிட்டா அந்த நம்பருக்கு மேல யாரும் பேச மாட்டாங்க.

நொய்யல்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. என் முடிவைச் சொல்றேன், தப்புன்னா திட்டுங்க.

27 லட்சத்தை நாளைக்கே தனி டெபாசிட்டா போடுறேன். அது செட்டில்மெண்ட் பணம். பெருந்துறை ரோடு அண்ணன் சொன்னதைப் படிச்ச பிறகு அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. மீதி 11 லட்சம். என் சம்பளமும் தம்பி சம்பளமும் இந்த மாசத்தோட நிக்குது. அப்படியும் வாரத்துக்கு ஒரு லட்சம் துண்டு விழும், அதனால 11 வாரம் தாங்கும். அதுக்குள்ள உள்ளூர் பிராண்டு ரெண்டு பேர்கிட்ட வேலை கேட்டிருக்கேன், ஐரோப்பா பையருக்குப் புது சாம்பிள் போகுது. 11 வாரத்துல அஞ்சு நாள் வேலைக்கு ஆர்டர் வரலைன்னா, கணக்கர் ஐயா சொன்ன வழிதான். அதையும் இப்பவே ஆளுங்ககிட்ட சொல்லிடுவேன். ஊருக்குப் போறவங்களுக்கு டிக்கெட்டும் தாளும் உண்டு. திங்கட்கிழமை காலையில மெஷின் போடுறதுக்கு முன்னாடி எல்லா லைனையும் கூப்பிட்டுப் பேசுறேன். இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதி கேண்டீன் சுவத்துல ஒட்டப் போறேன்.

பெருந்துறை_ரோடு:
எனக்கு இன்னும் மனசு ஒப்பலை தம்பி. 11 வாரம் நீளம், ஆறுன்னு வைங்க. 11வது வாரம் வந்ததும் "இன்னும் ஒரே ஒரு வாரம்"னு மனசு சொல்லும். எனக்குச் சொல்லுச்சு. அந்த டெபாசிட்ல உங்க தம்பி கையெழுத்தும் இல்லாம பணம் எடுக்க முடியாதபடி செஞ்சுடுங்க.

கணக்கர்_ஈரோடு:
தாளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் அறிவித்த சலுகையில் அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரைக்கான கடன் தவணைகள்தான் தள்ளிப் போயின, வட்டி நிற்கவில்லை. உங்கள் வாரத் துண்டு ஒரு லட்சத்தில், மெஷின் கடன் ஏதும் இருந்தால் அதற்கான வட்டியைச் சேர்த்தீர்களா? சேர்க்கவில்லை என்றால் 11 வாரம் என்று எழுதாதீர்கள். கடன் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம் என்று இங்கே போடுங்கள், இன்று இரவே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.