படம் சுருக்கும் பிளகின் போட்டதும் சர்வர் படுத்துக்கொண்டதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

பனியன் ஊர்:
திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து பராமரிப்பது என் தொழில். புது சீசன் சாம்பிள் வந்தால் போட்டோகிராபர் 6000-க்கு 4000 பிக்சலில் எடுத்ததை அப்படியே பென் டிரைவில் தந்துவிடுவார். ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரும் அதை அப்படியே ஏற்றிவிடுவார். பக்கம் திறக்க நேரமாகிறது என்று சைட்டை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு படம் சுருக்கும் பிளகின் (துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டோம். எல்லாப் படத்தையும் மொத்தமாகச் சுருக்கும் பட்டனை அழுத்தியதும் பச்சைக் கோடு பாதி வரை போய் நின்றது. அப்புறம் சைட்டே திறக்கவில்லை, 500 எரர், அதாவது சர்வரில் கோளாறு என்ற செய்திதான். "பிளகின் சரியில்லைங்க, வேற மாத்துங்க" என்றார்கள். வேறொன்றைப் போட்டாலும் அதே இடத்தில்தான் நின்றது.

இந்தப் பிளகின்கள் திரையில் உருப்படியாக எதையும் சொல்வதில்லை. விஷயமெல்லாம் சர்வர் பிழைகளைக் குறித்து வைக்கும் எரர் லாகில் கிடந்தது. 134217728 என்ற எண்ணோடு ஒரே வரி திரும்பத் திரும்ப. அந்த எண் பைட் கணக்கு, 128 எம்பி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழிக்கு இயல்பாகக் கிடைக்கும் மெமரி வரம்பு அது. "படமே 8 எம்பிதானுங்களே, 128 பத்தாதா?" என்று கம்பெனி அக்கவுண்டன்ட் கேட்டார். நியாயமான கேள்வி. டிஸ்கில் இருக்கும்போதுதான் அது 8 எம்பி. சுருக்குவதற்குத் திறந்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 2.4 கோடி பிக்சலுக்கு 90 எம்பிக்கு மேல் போகிறது. அதன் மேல் சிறிய பிரதி ஒன்று, வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்தும் வூகாமர்ஸ் பிளகின் என்று சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். அழுத்திக் கட்டின பஞ்சு பேலைப் பிரித்தால் ரூம் நிறைவது மாதிரி என்றேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

வரம்பை 256 ஆக்கினோம், ஓடியது. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே பெரிய படத்தை 2560 பிக்சலுக்குக் குறைத்துக்கொள்ளுமே என்று யாராவது சொல்வீர்கள். குறைக்க வேண்டுமென்றாலும் முதலில் முழுப் படத்தையும் திறந்துதானே ஆக வேண்டும்? அதனால் இப்போது போட்டோகிராபரிடமே 2000 பிக்சலில் வாங்கிக்கொள்கிறேன்.

ஜமுக்காளம்:
பவானியிலிருந்து. எங்களுக்கு மெமரி தொல்லை இல்லை. சில பிளகின்கள் நம் சர்வரிலேயே சின்னச் சின்ன கருவிகளை ஓட்டிப் படத்தைச் சுருக்கும். அதற்கு பிஎச்பியில் எக்ஸெக் என்ற வசதி திறந்திருக்க வேண்டும். பல பேர் பங்குபோடும் ஹோஸ்டிங்கில் பாதுகாப்புக்காக அதை மூடி வைத்திருப்பார்கள், திறந்துவிடச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அவர்கள் பக்கமும் தப்பில்லை, ஒருத்தர் சைட்டில் ஓட்டை விழுந்தால் மொத்த சர்வருக்கும் ஆபத்து. வெளியே அனுப்பிச் சுருக்கி வாங்கும் ரகத்துக்கு மாறிவிட்டோம்.

மஞ்சள் மண்டி:
அந்த ரகத்திலும் வில்லங்கம் உண்டுங்க. நம் சர்வர் படத்தின் முகவரியை மட்டும் கொடுக்கும், எதிர்ப்பக்க சர்வர் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் பல பிளகின்களில் ஏற்பாடு. நான் வேலை பார்க்கும் ஈரோட்டுக் கடையின் டெஸ்ட் சைட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தது. எடுக்க வந்தவனுக்கு 401, பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே விடாது. பாஸ்வேர்டை எடுத்த பிறகும் சில படங்கள் தொங்கின. யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று குறிக்கும் ஆக்சஸ் லாகைப் பார்த்தால் ஒரே ஐபியிலிருந்து வரிசையாக 403, அதாவது அனுமதி மறுப்பு. குறுகிய நேரத்தில் இத்தனை படத்தைக் கேட்கிறானே, திருடன் போலிருக்கிறது என்று நம் பயர்வால் கதவைச் சாத்திவிட்டது! பிளகின் கம்பெனி தரும் ஐபி பட்டியலை அனுமதித்ததும் சரியாயிற்று.

ரிக் வண்டி:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. திருச்செங்கோட்டில் போர்வெல் உதிரிப்பாகக் கடை. ஒரு நாள் காலையிலிருந்து ஆர்டர் மெயிலே வரவில்லை. ஹோஸ்டிங்கைக் கவனிக்கும் சிபேனல் திரையில் பார்த்தால் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. யாருக்கும் புரியவில்லை. ஐநோடு என்ற இடத்தில் மட்டும் சிவப்பு. அதாவது எத்தனை எம்பி என்பது ஒரு கணக்கு, எத்தனை கோப்பு என்பது தனிக் கணக்கு. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை 150, 300, 768, 1024, 1536, 2048 என்று தனித்தனியாக வெட்டி வைக்கும், வூகாமர்ஸ் இன்னும் 3. இதில் ஒவ்வொன்றுக்கும் பிளகின் வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில் ஒரு பிரதி போட்டது. போதாததற்கு அசலுக்கு பேக்கப் வேறு. ஒரு டிரில் பிட் படம் 20 கோப்புக்கு மேல் ஆகிவிட்டது. மெயிலும் அதே அக்கவுண்டில். ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. வரம்பு நிறைந்ததும் புது மெயில் உட்கார இடமில்லை.

சுருக்கிய படங்களை ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துவிட்டு பேக்கப்பை அழித்தோம், தீமுக்கு (சைட்டின் தோற்ற அமைப்புக்கு) தேவையில்லாத பட அளவுகளை நிறுத்தினோம். மெயிலை வேறு இடத்துக்கு மாற்றியதுதான் உருப்படியான காரியம். கடைக்காரர்கள் மெயிலையும் வெப்சைட்டையும் ஒரே அக்கவுண்டில் வைப்பதை விட்டால் தேவலை.

பட்டு நூல்:
சர்வர் கோளாறு இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். சிறுமுகை சேலை விற்கும் சைட் ஒன்றைப் பார்க்கிறேன். சுருக்கிய பிறகு அரக்கு நிறம் சாயம் வெளுத்தாற்போல் ஆகிவிட்டது. "படத்துல பாத்த கலரு இது இல்லீங்க" என்று வாங்கினவர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த படம் அது. எந்த நிறக் கணக்கில் எடுத்தது என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். பிளகின் எடை குறைக்கிறேன் என்று கேமரா தகவலோடு அதையும் சேர்த்து உருவிவிட்டது. குறிப்பு இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறக் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் மங்கிவிடும். இப்போது ஏற்றுவதற்கு முன்பே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றித்தான் தருகிறார்கள். துணி விற்கிறவர்கள் சில கேபி மிச்சத்துக்காக இதில் கை வைக்காதீர்கள்.

பம்ப் செட்:
கோவையிலிருந்து இரண்டு விஷயம். சர்வரில் பக்கங்களை அனுப்பும் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால், வெப்பியை அனுப்பச் சொல்லிப் பிளகின் எச்டிஅக்சஸ் என்ற கோப்பில் எழுதும் விதிகளை அது படிக்கவே படிக்காது. வெப்பி உருவாகி டிஸ்கில் கிடக்கும், பார்க்க வருகிறவருக்குப் பழைய ஜேபெக்தான் போகும். என்ஜின்எக்ஸ் அமைப்பிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, பின்னணியில் சுருக்கும் வேலை வேர்ட்பிரஸ் கிரானை, அதாவது நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிவிடும் ஏற்பாட்டை, நம்பி ஓடுகிறது. யாராவது சைட்டுக்கு வந்தால்தான் அந்தக் கிரான் விழிக்கும். ஆள் வராத சைட்டில் வேலை அப்படியே நின்றுகொண்டிருக்கும். சர்வரின் நிஜக் கிரானில் கட்டிவிட்டு ராத்திரி 1 மணிக்கு வைத்துவிட்டேன், பகலில் யாருக்கும் தொந்தரவில்லை.

பனியன் ஊர்:
பம்ப் செட் அண்ணா, கிரான் யோசனை அருமைங்க. ஆனால் ராத்திரி 1 மணி எங்களுக்கு ஒத்துவராது. அமெரிக்க பையர்களுக்கு அது மத்தியானம், கேட்லாக்கை உட்கார்ந்து புரட்டுகிற நேரம். காலை 10 மணிக்கு வைத்துக்கொள்கிறேன். அப்போது நியூயார்க்கில் நடு ராத்திரி, ஐரோப்பாவில் விடியற்காலை. மெர்ச்சண்டைசரிடம் மட்டும் படம் ஏற்றுவதை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.