பேய் சீரியல் வில்லனுக்கு ஏன் ஒரு கதையே இல்ல?

யாங்கோன்_பொண்ணு:
கரண்ட் இருக்கிற ராத்திரியில அம்மாவும் நானும் பாம்பு சீரியல் பாக்குறோம், மந்திரவாதி முதல் நாள் நாகமணி வேணும்னு சிரிச்சான், இருநூறு எபிசோட் தாண்டியும் அதே மணி அதே சிரிப்பு, செத்தாலும் எந்திரிச்சு வர்றான். பயமே போச்சுங்க. அவன் ஏன் இப்படி ஆனான்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?

மோல்மேன்_தம்பி:
அக்கா, தினம் ஓடுற சீரியல்ல வில்லன் போயிட்டா கதை எங்க ஓடும், அதான் சாக விடமாட்டாங்க. 90கள்ல வந்த விடாது கருப்பு சீரியல பாருங்க. கொலை பண்றது சாமியா மனுசனான்னு கடைசி வரைக்கும் நம்மள தவிக்க விட்டாங்க, குதிரை சத்தம் கேட்டாலே முதுகு சில்லிடும்.

பகோ_சித்தி:
நம்ம பர்மாவுல சாமியா கும்பிடுற ஆவிங்கள நாட்னு சொல்வாங்கல்ல, அந்த நாட் சாமி கதையே போதும்மா. மஹாகிரிங்கிற நாட் முன்னாடி ஒரு கொல்லன். அவன் பலத்துக்கு பயந்த, பர்மாவோட பழைய ஊரு தகாவுங் ராஜா, அவன் தங்கச்சிய கட்டிக்கிட்டு, நம்ப வச்சு வரவழைச்சு, சம்பக மரத்துல கட்டி எரிச்சான். தங்கச்சியும் தீயில பாஞ்சிட்டா. அப்புறம் அந்த மரத்தடிக்கு வந்தவங்கள எல்லாம் அந்த ஆவிங்க கொன்னுச்சாம். இதுல யாரு வில்லன்? எங்க பக்கத்து பர்மாக்காரங்க வீட்டு தூண்ல மஹாகிரிக்குத்தான் சிவப்பு துணி கட்டின தேங்கா தொங்குது.

யாங்கோன்_பொண்ணு:
சித்தி, நம்ம மதுரைவீரனும் அநியாயமா செத்து சாமியானவருதானே! இத அம்மாகிட்ட இப்பவே சொல்றேன்.